முருகேசனுக்கு: ஓடையில் தேட எந்தக் கருவி

கூடலூர்
மாசிக் கடைசி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்து மறுபடி தோட்டம்வரை நடந்து போகிறாள் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் சுகம். பசுந்தேயிலை விலைதான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ராத்திரியில் யானை வாழைக்குள் வந்து போகிறது, அது எந்த வருஷமும் உள்ளதுதான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பண்ணைக்காட்டு ஓடையில் உன் அக்கா மருமகளின் மோதிரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்ததிலிருந்து, யார் எதைத் தண்ணீரில் விட்டாலும் உன் வாசலுக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வராமல் என்ன செய்வார்கள்? மலைத் தண்ணீரின் குளிரில் விரல் சுருங்கும், சோப்பு வேறு வழுக்கும், மோதிரம் கழன்றதே தெரியாது. கையால் துழாவி எத்தனை பேருக்குத் தேடுவாய்? மெட்டல் டிடெக்டர் வாங்கு. ஆனால் தூத்துக்குடி மச்சான் சொன்ன அந்தக் கடல் கருவியை மட்டும் வாங்காதே.

அவர் சொன்னது தப்பில்லை, அவருடைய கடலுக்கு அது சரி. டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டமான கம்பிச்சுருள், அதைக் காயில் என்பார்கள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தைக் கீழே அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டதும் அதற்குள் சின்னச் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த ஓட்டத்தின் எதிரொலியைத்தான் கருவி கேட்கிறது. கடல்நீரோ நல்ல தண்ணீரைவிட நூறு மடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஒற்றை அதிர்வெண் கருவியைக் கடலில் இறக்கினால் தண்ணீரையே உலோகம் என்று எண்ணிக் கத்தும். அதற்காகத்தான் கடற்கரைக்காரர்கள் காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக்கோ, 2018இல் வந்த மைன்லேப் எக்வினாக்ஸ் மாதிரி ஒரே சமயத்தில் பல அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவிக்கோ போகிறார்கள். நம் ஓடையில் ஓடுவது மழைத்தண்ணீர், உப்பே கிடையாது. உப்பை அடக்குவதற்காக நீ காசு கொடுக்க வேண்டியதில்லை. அதோடு பல்ஸ் வகைக்கு இரும்பைப் பிரித்துச் சொல்லும் சாமர்த்தியம் குறைவு. ஹேர்பின், ஊக்கு, சோடா மூடி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கூவும். குளிக்கிற துறையில் அதை வைத்துக்கொண்டு நீ பொழுதெல்லாம் ஆணி பொறுக்கிக்கொண்டிருப்பாய்.

கருவி 65 மீட்டர் ஆழம் தாங்க வேண்டும் என்று அவர் சொன்ன கணக்கும் முக்குளிப்பவர்களுக்கு உரியது. நீ முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது, இதை நண்பனாகச் சொல்கிறேன். உனக்கு 3 மீட்டர் தாங்கும் கருவி தாராளம். ஆனால் அந்த 3 மீட்டர் கருவி முழுவதற்கும் இருக்க வேண்டும். கடைக்காரர் ‘வாட்டர்புரூஃப்’ என்பார், பல கருவிகளில் காயில் மட்டும்தான் தண்ணீர் தாங்கும். திரையும் பேட்டரியும் இருக்கிற மேல்பெட்டி தாங்காது. மைன்லேப் வான்குவிஷ் அப்படித்தான், கேரெட் ஏஸ் வரிசையும் அப்படித்தான். பாசி பிடித்த பாறையில் ஒரு தடவை கால் வழுக்கினால் போதும், பெட்டி தண்ணீருக்குள் போய்விடும். நம் ஓடைகளில் வழுக்காமல் யார் நடந்திருக்கிறார்கள்?

நான் வைத்திருப்பது கேரெட் ஏடி புரோ. 15 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அதிர்வெண், முழுக்க நனையலாம், நான்கு பென்சில் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் பாறைமேல் உட்கார்ந்தே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மூடியிலுள்ள ரப்பர் வளையத்தில் மணல் துளி ஒட்டினாலும் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தொட்டு வைத்த பிறகுதான் மூட வேண்டும். நோக்டாவின் சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸ், அதுவும் 3 மீட்டர் தாங்கும். சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி உள்ளேயே இருக்கிறது. உனக்கு நான் சொல்வது இதைத்தான். காரணம், சத்தம் எழும்போது அது கைப்பிடியிலும் அதிரும். அருவியோரத்தில் ஸ்பீக்கர் சத்தம் காதில் விழவே விழாது. கம்பியில்லாத ஹெட்போன் வாங்காதே. பெட்டி தண்ணீருக்குள் அமுங்கினால் ரேடியோ அலை வெளியே வராது, சத்தம் அறுந்துவிடும். குனியும் நேரத்தில்தான் அது நடக்கும், சத்தம் வேண்டியதும் அப்போதுதான்.

காயில் பெரிதாக இருந்தால் ஆழம் கூடும் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஓடும் தண்ணீரில் பெரிய காயிலைத் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்துவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அது நுழையவும் நுழையாது. கருவியோடு வருவதைத் திறந்த இடத்துக்கு வைத்துக்கொண்டு, சின்னக் காயில் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள். காயிலின் அடிமூடிக்குள் மணல் சேரும். அதில் இரும்புத்தூள் கலந்த கருமணல் இருந்தால் வெறுமனே கத்திக்கொண்டிருக்கும், அவ்வப்போது கழற்றிக் கழுவு. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு அதிகம் என்பதால், தேடத் தொடங்குமுன் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணுக்குக் கருவி கத்தாதபடி சரிப்படுத்துவது, செய்யாமல் நான் ஓர் அடி நகர்வதில்லை. உனக்கும் அதேதான்.

அடுத்து வருவதுதான் முக்கியம், நிதானமாகப் படி. கருவித் திரையில் ஓர் எண் வரும். எந்த எண் எந்த உலோகம் என்று மேல்நாட்டுக்காரர்கள் பட்டியல் போட்டிருப்பார்கள். அவர்களுடைய காசும் வேறு, தங்கமும் வேறு. அவர்கள் போடுவது 9, 14, 18 காரட், நம் வீட்டில் இருப்பது 22. அது மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். நம் ஒரு ரூபாயோ 1992 முதல் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத இரும்பு. இரும்பை ஒதுக்கச் சொன்னால் கருவி அதையும் சேர்த்து ஒதுக்கக்கூடும். அதனால் அந்தப் பட்டியலை மூட்டைகட்டி வை. வீட்டிலிருக்கும் மோதிரம், தோடு, மூக்குத்தி, மெட்டி, தாலி, செயின் எல்லாவற்றையும் தங்கச்சியிடம் கேட்டு வாங்கிக்கொள். வாசலில் உலோகமில்லாத இடமாகப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்து, காயிலை மேலே ஆட்டி, எண்ணைக் குறித்துக்கொள். ஒரு சாண் உயரத்தில் ஒரு தடவை, நான்கு விரல் உயரத்தில் ஒரு தடவை. பக்கத்திலேயே சிகரெட் பெட்டி வெள்ளித்தாள், மாத்திரை அட்டை, பீர் மூடி இவற்றையும் வைத்துப் பார்.

பார்த்தால் உனக்கே புரியும். மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத்தாள் துண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கும். குப்பை வேண்டாம் என்று தாளை ஒதுக்கினால் மோதிரமும் போச்சு. அதனால் இரும்பைத் தவிர எதையும் ஒதுக்காதே, குப்பையை எடுத்துப் பையில் போட்டுக்கொள், ஓடையும் சுத்தமாகும். செயின் விஷயமும் விசித்திரம். கருவிக்கு அது ஒரு செயினாகத் தெரியாது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிப் பொடியாகத்தான் தெரியும். ஐந்து பவுன் செயினைவிட அதில் கோத்த தாலி நன்றாகக் கூவும். மெட்டியும் அப்படித்தான், அதன் வாய் திறந்திருப்பதால் மின்னோட்டம் முழு வட்டமாகச் சுற்ற முடியாது, சத்தம் மெலிந்துவிடும். மெட்டி தொலைத்தவரிடம் ‘வாய் திறந்ததா, ஒட்டினதா?’ என்று முதலில் கேள்.

எங்கே தேடுவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் தேவாலாப் பக்கம் தங்கப்பொடிக்காக மணல் அரிப்பவர்கள். 1880ஐ ஒட்டி லண்டன் கம்பெனிகள் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கச் சுரங்கம் வெட்டிப் பணத்தைக் கரைத்துவிட்டுப் போனதை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். கம்பெனிகள் போய்விட்டன, மரத்தட்டில் மணலை அரிக்கிறவர்களின் கண் போகவில்லை. தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம். வேகம் குறையும் இடத்தில்தான் அது இறங்கும்: பெரிய கல்லின் பின்புறம், வளைவின் உள்பக்கம், அடிப்பாறையின் வெடிப்பு. மேலே கிடக்கும் மணலில் அது நிற்காது, கெட்டித்தரை கிடைக்கும்வரை கீழே போகும். அவர்கள் பொடியைத் தேடுகிறார்கள், அந்தப் பொடி இந்தக் கருவிக்குக் கேட்காது. ஆனால் மோதிரத்துக்கும் வழி அதேதான். போன வருஷம் இங்கே தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் நிச்சய மோதிரம் துவைக்கும் கல்லருகே விழுந்தது. எல்லாரும் கல்லைச் சுற்றியே தேடினார்கள். நான் கீழே வளைவுக்குப் போனேன். பாறை வெடிப்பில் இரண்டு இரும்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு மெல்லிய கூவல். எண் 52, 53 என்று நின்றது, இரும்பைப்போல் துள்ளவில்லை. மணலை அள்ளி வடிக்கும் துளை போட்ட ஸ்கூப் அங்கே நுழையாது. தண்ணீருக்குள் போகிற பின்பாயிண்டரை, அதாவது உலோகம் இருக்கும் சரியான இடத்தைக் காட்டும் சின்னக் கைக்கருவியை, வெடிப்பில் விட்டு, ஒரு விரலால் சேற்றைக் கிளறிக் கிளறி எடுத்தேன். அந்தப் பெண் அதை வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தாள், பிறகுதான் போட்டுக்கொண்டாள். முருகேசா, கருவியின் விலையெல்லாம் அன்றைக்கே எனக்கு மறந்துபோனது.

ஆக பின்பாயிண்டர் கட்டாயம் வாங்கு. ஸ்கூப்பைப் பட்டறையில் செய்துகொள்ளலாம், துளை 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

‘இருபது அடி ஆழத்தில் தங்கத்தை மட்டும் காட்டும்’ என்று யாராவது ஒரு கருவியை விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. தங்கத்தை மட்டும் காட்டும் கருவி உலகத்தில் இல்லை. கும்பக்கரையிலும் மற்ற அருவிகளிலும் வனத்துறையிடம் கேட்காமல் இறங்காதே. கொடைக்கானல் ஏரிக்கு யார் கூப்பிட்டாலும் மறுத்துவிடு. 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் அந்தச் சேற்றில் இருப்பதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன, அதைக் கலக்கிவிடுவது பாவம். பழைய காசோ புதையலோ கிடைத்தால் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் இருந்தாலே அந்தச் சட்டம் பிடிக்கும்.

உங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இப்போது தண்ணீர் வற்றிக் கிடக்கிறது, சித்திரைக்குள் கருவி கைக்கு வந்தால் நல்லது. இருந்தாலும் மேலே மலையில் இடி கேட்டால் உடனே கரையேறிவிடு. பட்டறையில் காட்டுவதற்காக ஸ்கூப்பின் அளவை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், கைப்பிடி நீளத்தை உன் உயரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
சேகரன்