டோக்கன் வாங்கியவருக்குப் படம் சொந்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் என்எஃப்டி (டிஜிட்டல் படம் போன்றவற்றுக்காக விற்கப்படும், தனி எண்ணுள்ள டோக்கன், அதாவது டிஜிட்டல் சீட்டு) பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுத முன்வந்ததற்கு நன்றி. ஆனால் டோக்கனை வாங்கிவிட்டால் அந்தப் படமே முழுக்க நம்முடையதாகிவிடும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அது சரியில்லை. நான் ஓவிய ஆசிரியர். என் மாணவர்களில் பலர் இப்போது திரையில்தான் வரைகிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தால் உண்மையான பயன் உண்டு என்று நம்புகிறேன். அதனாலேயே, வாங்குகிறவர்கள் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

என்எஃப்டி என்பது பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுப் பதிவேட்டில், உள்ள ஒரு பதிவு. இன்ன எண்ணுள்ள டோக்கன் இன்ன வாலெட்டில் (டிஜிட்டல் பணப்பையில்) இருக்கிறது என்று அது சொல்லும். அதை யாரும் பார்க்கலாம், தனி ஒருவர் நினைத்தால் திருத்த முடியாது. பெரும்பாலான டோக்கன்களில் படம் அந்தப் பதிவுக்குள் இருப்பதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும் இருக்கும். பதிப்புரிமை தனி விஷயம். ஓவியர் எழுதிக் கொடுக்காத வரை அது அவரிடமே இருக்கும். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது.

2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பீப்பிள் என்ற அமெரிக்க ஓவியரின் டிஜிட்டல் படம் என்எஃப்டியாக 6.93 கோடி டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 500 கோடி ரூபாய். வாங்கியவர் நம் தமிழ்நாட்டுக்காரர், சிங்கப்பூரில் இருக்கும் விக்னேஷ் சுந்தரேசன். அந்தச் செய்தியைத் தமிழர்கள் பெருமையோடு பகிர்ந்துகொண்டோம். ஆனால் அவ்வளவு விலை கொடுத்த பிறகும் படத்தின் பதிப்புரிமை பீப்பிளிடம்தான் இருக்கிறது. இதை எந்தச் செய்தியும் அழுத்திச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அப்படியானால் டோக்கனால் என்னதான் பயன் என்று கேட்பார்கள். நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தெரிகிறதல்லவா, டிஜிட்டல் படத்துக்கு அந்த வசதி இதற்கு முன் கிடையாது. கோப்பை ஆயிரம் பேர் நகல் எடுக்கலாம், முதலில் யார் வெளியிட்டார், யார் யாருக்கு விற்றார் என்பதற்குத் தடயம் இருக்காது. இப்போது ஒவ்வொரு கைமாற்றமும் தேதியோடு பதிவாகிறது. பொதுச் சந்தையில் விற்றால் பெரும்பாலும் விலையும் தெரிந்துவிடுகிறது. வாங்கியவர் தன் வாலெட்டில் வைத்துக்கொள்ளலாம். விற்ற தளம் நாளை மூடினாலும் அந்தப் பதிவு போகாது.

ஓவியருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் இளைஞர் தன் ஓவியத்தை ஐயாயிரத்துக்கு விற்கிறார். இருபது வருடம் கழித்து அதே ஓவியம் ஐந்து லட்சத்துக்குக் கைமாறுகிறது. அவருக்கு ஒரு பைசா வராது; விற்ற செய்தியே வராது. ஆனால் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் ஓவியருக்குப் பங்கு உண்டு என்கிறது. அந்தப் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறது. அது கையால் வரைந்த அசல் படைப்புகளை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு. அந்தப் பங்கைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் விற்பனை நடந்ததே ஓவியருக்குத் தெரிய வேண்டுமே! டோக்கனில் அது தெரிகிறது. 2021 வாக்கில் பல தளங்கள் மறுவிற்பனையில் 5 முதல் 10 சதவீதத்தைத் தாமாகவே ஓவியருக்கு அனுப்பின. என் கண்ணுக்கு என்எஃப்டியின் ஆகச் சிறந்த பயன் இதுதான்.

வருத்தம் என்னவென்றால், அந்தப் பங்கைக் கட்டாயமாக்கும் விதி எத்தீரியம் என்ற பிளாக்செயினின் பொதுவான டோக்கன் வரையறையில் இல்லை. தளங்கள் மனம் வைத்தால்தான் உண்டு. போட்டி வந்ததும் ஓபன்சீ போன்ற பெரிய தளமே 2023 ஆகஸ்டில் அதை விற்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஓவியர்களை நம்பி வளர்ந்த சந்தை ஓவியர்களைக் கைவிட்டது என்றே இதைச் சொல்வேன்.

வாங்குகிறவர்களும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். அடுத்தவர் படத்தை எடுத்து யார் வேண்டுமானாலும் டோக்கன் ஆக்கிவிடலாம். தங்கள் இலவசக் கருவியால் உருவான டோக்கன்களில் 80 சதவீதத்துக்கும் மேல் திருட்டு, போலி, குப்பை என்று 2022 ஜனவரியில் ஓபன்சீயே சொன்னது. எனவே ஓவியர் தன் சொந்தப் பக்கத்தில் அந்த டோக்கனின் முகவரியைத் தந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அப்புறம், படம் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். 2025 ஏப்ரலில், அப்போது நைக்கிக்குச் சொந்தமாக இருந்த குளோன்எக்ஸ் என்ற டோக்கன் தொகுப்பின் படங்கள் சர்வர் சிக்கலால் சிறிது நேரம் மறைந்துபோயின. டோக்கன்கள் வாலெட்டில் அப்படியே இருந்தன, படத்தைத்தான் காணவில்லை. ஆட்டோகிளிஃப்ஸ் போன்ற சில தொகுப்புகளில் படத்தை வரையும் நிரலே பிளாக்செயினில் இருப்பதால் இந்தப் பயம் இல்லை.

உரிம விதிகளையும் படித்துவிடுங்கள். போர்ட் ஏப் என்ற குரங்குப் படத் தொகுப்பில் டோக்கன் வைத்திருப்பவர் அந்தப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தலாம். அமெரிக்க நடிகர் சேத் கிரீன் தன் குரங்கை வைத்து ஒரு தொடர் எடுக்கத் தொடங்கினார். 2022 மே மாதம் போலி இணையதளம் மூலம் அந்த டோக்கன் திருடு போனது, தொடரின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் பெருந்தொகை கொடுத்துத்தான் அவரால் மீட்க முடிந்தது. வாலெட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத இணைப்பில் ஒப்புதல் தராதீர்கள்.

விலை ஏறும் என்று வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. ட்விட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் முதல் ட்வீட் 2021இல் என்எஃப்டியாக 29 லட்சம் டாலருக்கு விற்றது. அடுத்த ஆண்டு வாங்கியவர் 4.8 கோடி டாலர் கேட்டு ஏலம் விட்டபோது, கெடு முடிய வந்த கேட்புகளில் அதிகபட்சம் 300 டாலரைக்கூட எட்டவில்லை. நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. நஷ்டம் வந்தால் வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. பிடித்த ஓவியரைத் தாங்குவதற்காக, கைவிட்டுப் போனாலும் தாங்கக்கூடிய தொகையில் வாங்கினால் அது நல்ல காரியம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். டோக்கன் விற்கும் முன் ஓவியர் உரிம விதியை எப்படி எழுத வேண்டும், மறுவிற்பனைப் பங்கை எந்தத் தளங்கள் இன்னும் தருகின்றன என்பதைப் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு தமிழில் எழுதச் செய்து வெளியிடுங்கள். அதை என் வகுப்பில் எல்லோருக்கும் நகல் எடுத்துத் தருவேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.