சுரங்கப்பாதைக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர், வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று உங்கள் நாளிதழில் பார்த்துவிட்டுத்தான் நான் டீயைக் கையில் எடுப்பேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். எங்கேயோ இருக்கிற 120 அடி அணையின் கணக்கு எங்களுக்குப் புள்ளி சுத்தமாகத் தெரியும். ஊரைத் தாண்டியதும் வருகிற ரயில்வே சுரங்கப்பாதையில் மழைக்கு நிற்பது முழங்கால் தண்ணீரா, இடுப்புத் தண்ணீரா என்பது மட்டும் இறங்கிய பிறகுதான் தெரியும். போன ஐப்பசியில் அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாயும் ஐந்து நாள் வண்டி வாடகை வருமானமும் போனது.

நான் மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் ஒரு கிராமம். முன்பு தென்னந்தோப்பு வைத்திருந்தேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்து ஓய்ந்த காலையில் போய்ப் பார்த்தால் நூற்றுப்பத்து மரத்தில் ஒன்பதுதான் நின்றது. மறு வருஷம் வீட்டுக்காரியின் வளையலை வைத்து ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினேன். நெல், வைக்கோல், தேங்காய், கல்யாணச் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன்.

போன ஐப்பசியில் அன்று ஏற்றியது குறுவை நெல். 60 கிலோ மூட்டை இருபது. விடிந்ததும் எடை போட வேண்டுமென்றால் இரவே கொள்முதல் நிலையத்தில் இடம் பிடிக்க வேண்டும். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று நெல்லுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் கட்டியிருந்த படுதாவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். சுரங்கப்பாதை வாயில் நிறுத்தினேன். உள்ளே கறுப்பாகத் தண்ணீர். விளக்கு இல்லை. எனக்கு முன்னால் ஒரு டிராக்டர் இறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போனது. அந்தத் தைரியத்தில் நானும் இறங்கினேன். டிராக்டரின் பின்சக்கரம் ஆள் உயரம் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

நடுவில் போனபோது முகப்பு விளக்கு தண்ணீருக்குள் மஞ்சளாக எரிந்தது. எஞ்சின் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. சின்ன வயதில் சைக்கிள் சக்கரத்தில் சிகரெட் அட்டையைச் செருகி ஓட்டுவோமே, அந்த டர்ர்ர் சத்தம் பல மடங்காக பானெட்டுக்குள் கேட்டது. அப்புறம் படாரென்று ஒன்று. எப்படியோ மேலே ஏறிவிட்டேன். இருநூறு மீட்டர் போவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய், முன்னால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி. ஓரம் கட்டினேன்.

நெல்லுக்காரர் இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அந்த மூடி குக்கருக்கு வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் மொத்தமும் ஒரே மூச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். துண்டும் தாங்காது, ஈரச் சாக்கும் தாங்காது. கீழே பார்த்தால் எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஓடுகிற கூலன்ட் பச்சை நிறத்தில் குளமாக நின்றது. பக்கத்து டீக்கடை நாய் வந்து அதை நக்கத் தொடங்க, கல்லை எடுத்து விரட்டினேன். நாய் மேல் கோபம் ஒன்றுமில்லை. கூலன்ட் இனிக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். ஆடு மாடு வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மண்ணை வாரிப் போட்டு மூடினேன். நெல் வேறொரு வண்டியில் மாறிப் போனது.

காலையில் வந்த மெக்கானிக் பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஃபேன் முன்னாடி வளைஞ்சு ரேடியேட்டரை அறுத்துருக்கு" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிளாஸ்டிக் ஃபேன் எப்படி முன்னால் வளையும்? அவன் சொன்ன விளக்கத்தை அப்படியே எழுதுகிறேன், மற்ற வண்டிக்காரர்களுக்கும் உதவும். ஃபேன் முன்பக்கத்துக் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுத்து எஞ்சின் பக்கம் தள்ளுகிறது. காற்றைத் தள்ளுவது அதற்கு வேலையே இல்லை. தண்ணீரோ காற்றைப்போல எண்ணூறு மடங்கு கனம். தண்ணீருக்குள் சுற்றினால் அது படகு விசிறியாகிவிடுகிறது. தண்ணீரைப் பின்னால் தள்ளும், தான் முன்னால் பாயப் பார்க்கும். நடு அச்சு நகராது. இறக்கையின் நுனி வளையும். நுனிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை.

அதிலும் என் வண்டியின் ஃபேனுக்கு நடுவில் உருண்டையாக ஒரு கப்ளிங் உண்டு. உள்ளே சிலிக்கான் எண்ணெய். எஞ்சின் சூடாகாத வரை அது வழுக்கிக்கொடுக்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். சூடேறினால் எண்ணெய் பரவி ஃபேனை இறுகப் பிடித்துக்கொள்ளும். நான் லோடோடு மேடு பள்ளத்தில் வந்த நேரம், பிடி நன்றாக இறுகியிருந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை வேறு மிதித்தேன். ஏழு இறக்கையில் இரண்டு ஒடிந்து ஃபேன் கவருக்குள் கிடந்தன. ரேடியேட்டர் முகத்தில் அரைவட்டமாக, பிறைபோல ஒரு வெட்டு. செதில்கள் மீன் செவுள் மாதிரி கிழிந்து தொங்கின.

எதிரில் உள்ள இறக்கையையும் ஒடித்து எடைச் சமன் செய்து ஓட்டலாமா என்று கேட்டேன். பழைய லாரிக்காரர்கள் செய்வார்கள். "ஏழு இறக்கைண்ணே. எதிர்ல எது இருக்கு?" என்றான் பையன். சரிதான். ஃபேன் வாட்டர் பம்ப் அச்சில்தான் மாட்டியிருக்கிறது, ஆட்டத்தோடு ஓடினால் பம்ப் பேரிங் போய்விடும். என் பம்ப்போ ஏற்கெனவே கையால் பிடித்து ஆட்டினால் ஆடியது.

ரேடியேட்டரைப் புதிதாக மாற்றிவிடலாம் என்றுதான் அவன் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. கழற்றி உரச்சாக்கில் கட்டிக்கொண்டு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல நின்று, வலங்கைமான் வழியாகப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அங்கே ஒரு பட்டறையில் எழுபது வயதுப் பெரியவர். அவர் அப்பா தெருத் தெருவாகப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவராம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது குறைந்தபோது மகன் ரேடியேட்டருக்கு வந்துவிட்டார். செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் ஊதுகுழாயால் தலையைக் கழற்றி, குழாய்க்குள் தட்டைக் கம்பியை விட்டு அழுக்கைத் தள்ளி, ஓட்டை இருந்தால் ஈயம் வைத்து அடைத்து மத்தியானத்துக்குள் கையில் கொடுத்துவிடுவாராம். என்னுடையதை நகத்தால் தட்டிப் பார்த்தார். "அலுமினியம் தம்பி. இதுல ஈயம் ஒட்டாது." அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஒரு தோல் படிந்துவிடும், அந்தத் தோல் ஈயத்தை ஏற்காது என்றார். வெல்டிங் வைக்கலாம், ஆனால் குழாயின் தகடு காகிதம் போல மெல்லிசு, நெருப்புக் காட்டினால் ஓட்டை பெரிதாகும்.

வெட்டுப்பட்டது ஐந்து குழாய். மொத்தம் நாற்பது. "அஞ்சையும் நசுக்கிப் பசை போட்டு அடைச்சுத் தரட்டுமா? எட்டுல ஒரு பங்கு போயிடும். காலி வண்டிக்குப் போதும். சித்திரை வெயில்ல லோடு ஏத்தினா கொதிக்கும்" என்றார். இப்படி நல்லது கெட்டது இரண்டையும் சொல்லி முடிவை நம்மிடம் விடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கடைசியில் ரேடியேட்டரின் இரு முனையிலும் இருக்கிற என் பழைய பிளாஸ்டிக் தொட்டிகளையே வைத்து, குழாயும் செதிலும் சேர்ந்த நடுப்பகுதியை, அதாவது "கோர்" என்பதை மட்டும் புதிதாகப் போடுவது என்று முடிவானது.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தொட்டியைச் சுற்றி அலுமினிய ஓரம் பல் பல்லாக மடிந்து பிடித்திருக்கும். ஒவ்வொரு பல்லையும் குறடால் நிமிர்த்தினார், ஒன்றுகூட ஒடியாமல். எண்ணிக்கொண்டு வந்தேன், அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். தொட்டி கழன்று வந்தபோது உள்ளே செம்மண் குழம்பு மாதிரி ஒரு படிவு. விரலால் வழித்துக் காட்டி, "எந்த ஊர்த் தண்ணி ஊத்துற?" என்றார். வீட்டு போர் தண்ணீர் என்றேன். "அதை நீ குடிப்பியா?" குடிப்பதில்லை, கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம், எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. "நீ குடிக்காத தண்ணிய அது குடிக்குமா?" எனக்குப் பதில் இல்லை. வாங்கிய நாளிலிருந்து குறைகிற போதெல்லாம் அதைத்தான் ஊற்றியிருக்கிறேன். உப்பு அலுமினியத்தை அரிக்கும் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

புதுக் கோருக்குப் புது ரப்பர் வைத்து, பற்களைத் திரும்ப மடித்து, வாய்களை ரப்பர் கட்டையால் அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டியில் முக்கினார். பஞ்சர் கடையில் பார்ப்பதுபோலத்தான். ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. எடுத்து இரண்டு பல்லை இன்னும் இறுக்கினார். அடுத்த முறை தண்ணீர் அசையவே இல்லை.

கோருக்கு 4,500, வாட்டர் பம்ப் 2,500, ஃபேன் 1,900, கூலன்ட் 1,100, மெக்கானிக் கூலி 2,000. கப்ளிங் தப்பியது. கூலன்ட்டோடு பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரைச் சரிபாதி கலந்து ஊற்றினோம். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்து, மேல் ஓஸைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றி, ஓஸ் சுடுகிறவரை காத்திருந்து, இறங்கிய அளவுக்கு நிரப்பினோம். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடு, குளுகுளுன்னு ஓடும்" என்று வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் யோசனை சொன்னார். இந்த யோசனை எல்லா டீக்கடையிலும் கிடைக்கும். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கிற வால்வு. கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், டீசல் கூடக் குடிக்கும். கழற்றவில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம். வண்டி சரியான பிறகு டேப் வைத்து அளந்தேன். ஃபேனின் கீழ் நுனி தரையிலிருந்து 22 அங்குலம். வண்டி போகும்போது முன்னால் அலை எழும்புவதால் ஒன்றரை அடித் தண்ணீரே எனக்கு எல்லை. அன்றைக்கு அங்கே எவ்வளவு இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் திரும்பியிருப்பேன், அல்லது தண்ணீர் நேராக ஃபேனில் பாயாதபடி முன் கிரில்லில் படுதாவைக் கட்டி, முதல் கியரில் ஊர்ந்து போயிருப்பேன்.

எங்கள் பக்கம் ஷட்டர் இருக்கிற இடத்தில் எல்லாம் அளவுகோல் உண்டு. நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் போய் நின்றால் எந்த ஆற்றில் எத்தனை அடி ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லலாம். வயலுக்குப் போகிற தண்ணீருக்குக் கோடு போட்டவர்கள் மனிதர் போகிற பாதையில் நிற்கிற தண்ணீருக்கும் போடக் கூடாதா? சுரங்கப்பாதையின் இரண்டு பக்கச் சுவரிலும் அரை அடிக்கு ஒரு கோடு, வெள்ளையும் சிவப்புமாக. தரைப்பாலம் என்றால் ஒரு கல் தூண். ஒரே ஒரு கவனம் வேண்டும்: கோடு எங்கே போட்டாலும் கணக்கு நடுப்பள்ளத்தின் தரையிலிருந்து தொடங்க வேண்டும். பாதை சரிவாக இறங்குவதால் வாயில் அரை அடி தெரிகிற இடத்தில் நடுவில் மூன்றடி நிற்கும். எண்ணைப் பெரிதாக, வண்டி வெளிச்சத்தில் தெரிகிற பெயிண்டில் எழுத வேண்டும்.

இதை மனுவாக எழுதிக்கொண்டு இரண்டு அலுவலகம் போனேன். ஒன்றில் சாலை எங்களுடையது, சுவர் எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னொன்றில் சுவர் எங்களுடையது, தண்ணீர் எங்களுடையது இல்லை என்றார்கள். எந்தச் சுரங்கப்பாதை என்று நான் இங்கே எழுதாததற்குக் காரணம், எழுதினால் அந்த ஒன்றுக்கு மட்டும் கோடு போட்டுவிட்டு மாவட்டத்தில் மற்றதை எல்லாம் விட்டுவிடுவார்கள்.

போன வாரம் தண்ணீர் வற்றியிருந்தபோது நானும் மெக்கானிக் பையனும் போய், நடுத்தரையிலிருந்து தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து, சுவரில் சாக்பீஸால் அடையாளம் வைத்துவிட்டு வந்தோம். சிவப்பு பெயிண்ட் ஒரு லிட்டரும் இரண்டு அங்குல பிரஷும் வாங்கி வண்டியில் வைத்திருக்கிறேன். அரசாங்கச் சுவரில் கோடு போட்டால் கேஸ் போடுவார்களோ என்று டப்பாவை இன்னும் திறக்கவில்லை. அடுத்த மழைக்குள் சாக்பீஸ் அழிந்துவிடும். யாராவது ஓர் அதிகாரி "போடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் வண்டிக்காரர்,
மன்னார்குடி வட்டம்.