சிலருக்கு மட்டும் என்று வெட்டலாமா?

ஐயா,

மென்பொருளின் புதிய பதிப்பில் பழகிய வசதி ஒன்று காணாமல் போனால், ‘மிகச் சிலரே அதைப் பயன்படுத்தினார்கள்’ என்கின்றன நிறுவனங்கள். அப்படிக் கணக்கெடுக்கும் குழுக்கள் பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டிலும் பெல்லந்தூரிலும் இருக்கின்றன. அவற்றில் வேலை பார்க்கும் தமிழர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

யார் எந்தப் பட்டனை அழுத்தினார்கள் என்பதை மென்பொருளே நிறுவனத்துக்கு அனுப்புகிறது. தேர்ந்த பயனர்களில் பலர் இதை அணைத்து வைத்திருப்பார்கள். வங்கிகளில், வெளியே போகும் தரவை வடிகட்டும் ஃபயர்வாலே தடுத்துவிடும். ஆகவே அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. இன்னொரு கோளாறு, 30 நாள் தரவை மட்டும் பார்ப்பது. மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு மட்டும் தேவைப்படும் வசதியை ஆகஸ்டில் பார்த்தால் யாருமே தொடாதது போலத்தான் தெரியும். 12 மாதத் தரவு கையில் இல்லாமல் எதையும் நீக்கக் கூடாது.

நிறுவனங்களின் சிரமமும் உண்மைதான். ஆன், ஆஃப் என்று மாற்றக்கூடிய 10 அமைப்புகள் (செட்டிங்ஸ்) ஒரு மென்பொருளில் இருந்தால் 1,024 சேர்க்கைகள். இன்னும் ஒன்று கூடினால் 2,048. எல்லாவற்றையும் சோதித்து முடிக்க முடியாது. எனவே நீக்குவதே தவறு என்று சொல்லமாட்டேன், நீக்கும் விதம்தான் பிரச்சினை.

2011 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட வீடியோ தொகுப்பு மென்பொருளான ஃபைனல் கட் புரோ எக்ஸில் பல கேமரா காட்சிகளை ஒருசேரத் தொகுக்கும் மல்டிகேம் இல்லை. ஃபைனல் கட் புரோ 7-இல் செய்த புராஜெக்ட்களைத் திறக்கவும் வழியில்லை. அந்தப் பழைய பதிப்பின் விற்பனையையும் உடனே நிறுத்தினார்கள். தொழில்முறைப் படத்தொகுப்பாளர்கள் பலர் வேறு மென்பொருளுக்குப் போய்விட்டார்கள். மல்டிகேம் 2012 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. ஒரு தொகுப்பாளர் மாறினால் உதவியாளர்களும் அவரிடம் தொழில் கற்பவர்களும் மாறுவார்கள். தலைகளை எண்ணும் கணக்கில் இது தெரியாது.

மைக்ரோசாஃப்ட் எக்செல் இதற்கு நேர்மாறு. 1992-இல் வந்த எக்செல் 4 மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் சிறு நிரல்கள்), அவற்றை எழுத விபிஏ என்ற புதிய மொழி அடுத்த ஆண்டே வந்த பிறகும் பல்லாண்டுகள் ஓடின. வைரஸ் பரப்புவோர் அவற்றைப் பயன்படுத்தியதால்தான் 2022-இல் தொடக்க அமைப்பிலேயே முடங்கியிருக்கும்படி செய்தார்கள். அப்போதும், தேவைப்படுவோர் அமைப்புகளில் போய் மீண்டும் இயக்கிக்கொள்ள முடிந்தது.

ஒரு வசதியை நீக்கும் முன், அதை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதோடு, அது உள்ள கோப்புகளை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்றும் பாருங்கள். மேக்ரோவை எழுதுபவர் ஒருவராக இருப்பார், அந்தக் கோப்பில் அலுவலகம் முழுவதும் வேலை செய்யும். பழைய கோப்பைத் திறக்கும் வழி புதிய பதிப்பின் முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். அதுவரை பழைய பதிப்பின் விற்பனையை நிறுத்தாதீர்கள்.

– மென்பொருள் சோதனைப் பொறியாளர், அல்சூர், பெங்களூரு