கோமு என்பதும் மரூஉதான்: அகரமுதலி இயக்ககத்துக்கு ஒரு திறந்த மடல்

செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் இயக்குநர் அவர்களுக்கும், அங்கே சொல் தேடும் பணியில் இருக்கும் புலவர் பெருமக்களுக்கும், சங்கரன்கோவிலிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது.

என் ஆச்சி காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் பாத்திரங்களைப் பங்கு பிரித்தபோது, ஒரு பித்தளைத் தூக்குவாளி எனக்கு வந்தது. அதன் விளிம்புக்குக் கீழே, பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தார்கள்: கோமு. ஆச்சியின் முழுப்பெயர் கோமதியம்மாள். குடும்ப அட்டையில் கோமு என்றும் ஆதாரில் கோமதியம்மாள் என்றும் இருந்ததால், முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்த அலுவலகத்தில் இவை இரண்டும் வேறு வேறு ஆள் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சான்று வாங்க, எழுபது வயதைக் கடந்த அவர் மூன்று முறை வெயிலில் நடந்தார். தெருவே கூப்பிட்ட பெயர் தன்னுடையதுதான் என்று மெய்ப்பிக்க அவருக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது.

அந்தத் தாளைத் தூக்குவாளிக்குள் வைத்திருக்கிறேன். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

என் வேண்டுகோள் இது: தமிழ்ப் பெண்களின் பழைய இடுபெயர்களையும் அவற்றிலிருந்து கிளைத்த கூப்பிடும் பெயர்களையும் சொற்களாக மதித்து, ஊர்க் குறிப்போடு தொகுக்க வேண்டும். 1974இல் மொழியறிஞர் தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பட்டு, சொற்களின் வேரைத் தேடுவதையே பணியாகக் கொண்ட தங்கள் இயக்ககத்தைவிட இதற்குப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இவற்றைச் செல்லப்பெயர் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். அம்மு, பாப்பா, குட்டி ஆகியவை செல்லப்பெயர்கள்; எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். எம்.எஸ். சுப்புலட்சுமியை நெருங்கியவர்கள் குஞ்சம்மா என்றது செல்லம். ஆனால் சுப்புலட்சுமி என்ற பெயர் சுப்பு என்று ஆவது வேறு. அது பெயரே தேய்ந்து நிற்கும் வடிவம். தஞ்சாவூர் தஞ்சையானால், கோயம்புத்தூர் கோவையானால் மரூஉ என்று இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஊருக்குக் கொடுத்த அந்த இடத்தைக் கோமுவுக்கும் அலமுவுக்கும் கொடுக்க நாம் ஏன் தயங்குகிறோம்?

இந்தத் தேய்வுக்கு ஒழுங்கும் இருக்கிறது. காமாட்சி காமு ஆகிறாள், ருக்மிணி ருக்கு ஆகிறாள், சரஸ்வதி சரசு ஆகிறாள், பாத்திமா பாத்து ஆகிறாள்: எந்த மொழியிலிருந்து, எந்தச் சமயத்திலிருந்து வந்த பெயரானாலும் இரண்டு மூன்று எழுத்தாகச் சுருங்கி உகரத்தில் வந்து நிற்கிறது. வாசற்படியில் நின்று அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி நீட்டிக் கூப்பிட அந்த உகரம் எவ்வளவு தோதானது என்பது, "ஏளா, கோமூ" என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். விளிமரபு என்று ஓர் இயலையே வகுத்த தொல்காப்பியத்தின் வழிவந்தவர்கள் இந்தக் குரலைப் பதிந்துவைக்காமல் விட்டது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

இன்னொரு வகை அம் என்று முடிவது. விசாலாட்சி விசாலம், ரங்கநாயகி ரங்கம், பர்வதவர்த்தினி பர்வதம், அகிலாண்டேஸ்வரி அகிலாண்டம், மரகதவல்லி மரகதம். வேளாங்கண்ணி மாதாவின் பெயர் தாங்கிய ஆரோக்கியமேரி ஆரோக்கியம். ஆட்சியும் நாயகியும் வல்லியும் உதிர்ந்தபின் பெண்பால் ஈறே இல்லாமல் ஒரு பெண்ணின் பெயர் கம்பீரமாக நிற்பதை இங்கே பார்க்கலாம். மீனா, அகிலா என்று ஆகாரத்தில் முடிவன இவற்றுக்குப் பிந்தியவை என்பது என் எண்ணம். அவை எனக்கு அவ்வளவு நெருக்கமானவை அல்ல.

இப்பெயர்களில் பல கோயிலைச் சொல்லி, அதன் வழியாக ஊரையும் சொல்லிவிடும். கோமதி என்றால் எங்கள் சங்கரன்கோவில். காந்திமதி என்றால் திருநெல்வேலி, உலகம்மாள் என்றால் தென்காசி, குழல்வாய்மொழி என்றால் குற்றாலம். தையல்நாயகி வைத்தீசுவரன்கோவிலையும், நீலாயதாட்சி நாகப்பட்டினத்தையும், செங்கமலம் மன்னார்குடியையும் நினைவில் கொண்டுவரும். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண், கணவன் பெயரும் மாமியார் வீட்டு முகவரியும் தன்மேல் ஏறிய பிறகும், பிறந்த மண்ணைத் தன் பெயரில் வைத்திருந்தாள்.

தொகுக்கும்போது வடசொல், தென்சொல் என்று சலித்து எடுக்க வேண்டாம் என்பது என் அடுத்த விண்ணப்பம். அலமேலு என்ற பெயரைப் பாருங்கள். காதுக்குத் தெலுங்குபோல ஒலித்தாலும் அது அலர்மேல்மங்கை, அதாவது மலர்மேல் அமர்ந்தவள். நம்மாழ்வார் திருவேங்கடத்தானைப் பாடிய பாசுரத்தில் இருக்கும் தமிழ்ச்சொல். அது திருப்பதி மலையடிவாரத்தில் அலமேலுமங்கையாகி, நம் அடுப்படிகளில் அலமுவாயிற்று. அயற்சொல் என்று அவசரப்பட்டு விலக்கியிருந்தால் நம் பிள்ளையையே வாசலில் நிறுத்தியிருப்போம்.

நல்ல பெயர்களை மட்டும் பதிந்தால் போதாது. ஆண்பிள்ளைக்காகக் காத்திருந்த வீடுகளில் பிறந்த பெண்களுக்குப் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர்களின் பெயரும் அகராதியில் இருக்கட்டும். ஆனால் ஏன் வைக்கப்பட்டது என்ற குறிப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயில் ஆடல் மகளிர், 400 பேரின் பெயர்கள், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு அங்குள்ள கல்லில் இருக்கின்றன. சேரமங்கை, எடுத்தபாதம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்களை இன்றும் பெயர் சொல்லிக் குறிப்பிட முடிகிறது. என் ஆச்சியின் தாயார் பெயரை எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. நிலப் பத்திரத்தில் இன்னார் மனைவி என்று மட்டும் இருக்கிறது.

சான்றுகள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களில் வெட்டிய பெயர்களைப் படியெடுக்கலாம். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் "கோமு என்ற கோமதியம்மாள்" என்று முழுப்பெயரும் கூப்பிடும் பெயரும் சேர்ந்தே வருகின்றன. அந்த "என்ற" என்னும் சொல் இருக்கும் இடமெல்லாம் ஓர் அகராதிப் பதிவு ஆயத்தமாக இருக்கிறது. தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும் தங்கள் சொற்குவை இணையத்தளத்தில் இதற்கென ஒரு பகுதி திறந்து, முழுப்பெயர், கூப்பிடும் பெயர், ஊர், கூப்பிட்டவரின் உறவு ஆகிய நான்கை மட்டும் கேட்டால், பேரன் பேத்திகள் எழுதி அனுப்புவார்கள்.

ஆச்சியைக் கோமு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் பக்கத்துத் தெரு ஆவுடையாச்சி ஒருவரே. அவர் சொல்லச் சொல்ல, இரண்டு தெருக்களில் வாழ்ந்த பெண்களின் பெயர்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியிருக்கிறேன். தாங்கள் கேட்டால், படியெடுத்து உடனே அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கோமு என்ற கோமதியம்மாளின் பேத்தி