சிமென்ட் ஆலைத் தொழிலாளர் சுவாசிக்கும் காற்றை அளக்கக் கோரி

தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லை நம்பி எழுந்த சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கிகளில் தூசியை இடைவிடாது அளக்கும் கருவிகள் உள்ளன. அந்த அளவுகள் இணையவழியே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தைச் சென்றடைகின்றன. ஆனால், பேக்கிங் பிரிவில் ஒரு ஷிப்ட் முழுவதும் நிற்பவரின் மூக்கருகே எவ்வளவு தூசி இருக்கிறதென்பது, நான் அறிந்த சுமைத் தொழிலாளர் எவருக்கும் தெரியாது. அந்த அளவை எடுக்கச் செய்து, அவர்களுக்கும் தெரிவிக்கச் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பேக்கர் இயந்திரத்தின் முனையில் பை சரியாகப் பொருந்தாதபோது சிமென்ட் பீறிடுகிறது. 50 கிலோ மூட்டை லாரியில் விழும் ஒவ்வொரு முறையும் அதன் வாய் வழியே புழுதி கிளம்புகிறது. கிழிந்த மூட்டையில் கொட்டியதைத் துடைப்பத்தால் பெருக்கும்போது, படிந்ததும் மீண்டும் எழுகிறது. வேலை முடிந்தபின் கம்ப்ரசர் காற்றை உடம்பில் பாய்ச்சிச் சட்டையைச் சுத்தம் செய்யும் பழக்கம் இவை எல்லாவற்றிலும் கொடியது. கண்ணில் படும் புழுதி விரைவில் தரையில் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே நெடுநேரம் மிதந்து நுரையீரலின் ஆழம்வரை செல்கிறது. ஆகவே, 'இன்று தூசி குறைவு' என்று பார்வையால் சொல்வதை நம்ப இயலாது.

வியர்வையில் கரையும் சிமென்ட் கடுங்காரமாகித் தோலை அரிக்கிறது. அதிலுள்ள குரோமியம் ஆறாத ஒவ்வாமையைத் தரக்கூடும். மூலப்பொருள்களை உடைத்து அரைக்கும் இடங்களில் மணலிலும் பாறையிலும் இருக்கும் படிகச் சிலிக்காவும் கலந்திருந்தால், நுரையீரலில் தழும்பேற்றும் சிலிக்கோசிஸ் நோய் வரலாம். வந்த பின் அதைக் குணமாக்க மருந்தில்லை.

தூசியை அது எழும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூடிவைக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவே கூறியிருந்தது. முகக்கவசம் அதற்கு அடுத்ததுதான். வெயிலிலும் வியர்வையிலும் மூட்டை சுமப்பவர் எட்டு மணி நேரம் அதைக் கழற்றாமல் இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. துண்டைக் கட்டிக்கொள்வதோ பாதுகாப்பே ஆகாது.

சட்டைக் காலரில் பொருத்தும் சிறு வடிகட்டியையும் இடுப்பில் கட்டும் பம்பையும் கொண்டு, பேக்கிங், லோடிங், துப்புரவு ஆகிய வேலைகளில் இருப்போரின் சுவாசக் காற்றை ஷிப்ட் முழுவதும் அளக்க ஆணையிடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளரை இதிலிருந்து விலக்கக் கூடாது. தூசிக்கு மிக அருகில் நிற்பவர்களில் பலர் அவர்களே. முடிவுகளை வேலையிடத்திலேயே தமிழில் எழுதி ஒட்டச் செய்யுங்கள். நுரையீரல் செயல்திறன் சோதனையின் பதிவை ஒரு அட்டையாகத் தொழிலாளர் கையிலேயே கொடுக்கச் செய்யுங்கள். ஒப்பந்ததாரர் மாறும்போது, பத்தாண்டுகள் மூட்டை சுமந்தவரும் புதிதாகச் சேர்ந்தவராகவே பதிவாகிறார், அவருடைய பழைய மூச்சளவு எங்கோ ஒரு கோப்பில் தங்கிவிடுகிறது.

இப்படிக்கு,
அரியலூர் மாவட்டத்துச் சுமைத் தொழிலாளி ஒருவரின் மகன்