திட்டுத்திட்டான பலகை: பழி மையின் மேல் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தாளில் அச்சிட்ட எழுத்தையும் படத்தையும் சூட்டாலும் அழுத்தத்தாலும் பலகைக்கு மாற்றும் சப்ளிமேஷன் முறையில் செய்த அலுமினியப் பெயர்ப்பலகையில் நிறம் திட்டுத்திட்டாக இருந்தால் எல்லோரும் மையைத்தான் குறை சொல்கிறார்கள். பல நேரம் குற்றவாளி ஈரம்.

தாளில் காய்ந்த மை 180 முதல் 200 டிகிரி செல்சியஸில், உருகாமலேயே ஆவியாகிப் பலகையின் பாலியெஸ்டர் பூச்சுக்குள் இறங்குகிறது. பூச்சில்லாத வெறும் அலுமினியத்தில் அது பிடிக்காது. தாள் நமுத்திருந்தால் நீராவி இடையில் புகுந்துகொள்ளும். வெள்ளைப் புள்ளிகள் விழும். மழைக்காலத்தில் தாளை முதலில் சில நொடி லேசாகச் சூடுகாட்டி எடுத்தாலே பாதித் தொல்லை தீரும்.

தாளைப் பலகையோடு அழுத்தும் வெற்றிட மேசையில் சிலிக்கோன் ரப்பர் விரிப்புக்கு அடியிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டால், வெளிக்காற்றே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ வரை அழுத்தும், வளைந்த ஓரத்திலும் ஒரே சீராக. தட்டைப் பிரஸ்ஸுக்கு அது வராது. விரிப்பின் விளிம்பில் கசிவு இருந்தால் அந்த மூலை மட்டும் வெளிறும். சூடு தணியுமுன் தாள் நகர்ந்தால் எழுத்துக்குப் பின்னால் நிழல் விழும். தாளைப் பலகையில் ஒட்டிப் பிடிக்கும், வெப்பம் தாங்கும் டேப்பில் கஞ்சத்தனம் கூடாது.

நேர்வெயில் படும் வாசலுக்கு மட்டும் சப்ளிமேஷன் பலகை வேண்டாம். புற ஊதாக் கதிர் நிறத்தைத் தின்றுவிடும். ஆர்டர் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

– பெயர்ப்பலகை அச்சுத் தொழிலாளர்கள்