கடைசி வரியை வெட்டாதீர்கள்: உடல்நலப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழோ வார இதழோ இணைய இதழோ, உடல்நலப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் மெய்ப்புத் திருத்துபவன். உங்களைப் போன்றவர்களின் பக்கங்களை அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் படிக்கிறவன். ஒற்று மிகுமா மிகாதா என்பதில் எனக்கு முழு அதிகாரம் உண்டு. ஆனால் ‘இதைக் குடித்தால் ரத்தம் சுத்தமாகும்’ என்று ஒரு வரி வந்தால், அதில் எழுத்துப் பிழை இல்லை என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்யத்தான் சிறுநீரகங்கள் இருக்கின்றன, அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன என்று ஓரத்தில் குறித்து அனுப்பினால், “அது உங்க வேலை இல்ல சார், விடுங்க” என்று பதில் வரும்.

விளையாட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்கோர் தப்பாகப் போனால் மறுநாள் வருத்தம் தெரிவிக்கிறோம். ஒரு பிரமுகரின் வயதைக் கூட்டிப் போட்டுவிட்டால் அலுவலகமே அல்லோலகல்லோலப்படுகிறது. உடல்நலப் பக்கத்துக்கு மட்டும் நான் இதுவரை ஒரு திருத்தம்கூடப் பார்த்ததில்லை. அதில் தப்பே வராது என்பதாலா?

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் வரும் தவறான தகவல்களில் முக்கால்வாசி யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டியவை அல்ல. ஒரு காலத்தில் அவை உண்மையாக இருந்தவை. எவ்வளவு, யாருக்கு, எந்த நிலையில் என்று சொல்லும் ஒரு வரி அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடம் போதவில்லை என்று யாரோ அந்த வரியை வெட்டினார்கள். அங்கேதான் உண்மை கட்டுக்கதையாக மாறியது.

தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இது பிறந்த இடமாகப் பலர் காட்டுவது, அமெரிக்காவின் உணவு மற்றும் ஊட்டச்சத்து வாரியம் 1945-இல் வெளியிட்ட பரிந்துரை. வயதுவந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.5 லிட்டர் நீர் தேவை என்று அதில் இருக்கிறது. அதே இடத்தில், இந்த அளவின் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். முதல் செய்தி உலகம் சுற்றியது, இரண்டாவது அங்கேயே தங்கிவிட்டது. 2002-இல் ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரகத் துறை அறிஞர் இந்த எட்டு டம்ளருக்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, நலமாக இருக்கும் சாதாரண மனிதருக்கு அப்படி ஒரு விதியே தேவையில்லை என்று எழுதினார். தாகம் எடுத்தால் குடிக்கலாம், அவ்வளவுதான். சிறுநீரகக் கல் வந்தவர் கூடுதலாகக் குடிக்க வேண்டியிருக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவரிடமும் சிறுநீரகம் பழுதானவரிடமும் மருத்துவர் பல நேரங்களில் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார். அவர்கள் வீட்டிலும்தான் நம் இதழ் வாங்குகிறார்கள்.

பத்தாயிரம் அடி நடை விஷயத்தில் வெட்டுவதற்குக்கூட வரி எதுவும் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு, 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரின் பொருளே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. விளம்பரத்துக்கு வைத்த எண் மருத்துவ அளவாகிவிட்டது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு சராசரியாக 72 வயதான 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தது. சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடியைத் தாண்டியபின் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. நாலாயிரம் அடிதான் நடக்க முடிகிறது என்று சோர்ந்து, நடப்பதையே விட்டுவிடும் பெரியவருக்கு இந்தச் செய்தி எவ்வளவு தெம்பு கொடுக்கும்! நாம் அதைப் போடவில்லை. வழக்கம்போல் பத்தாயிரத்தைப் போட்டோம்.

சரி, இவையெல்லாம் கெடுதல் இல்லாத தப்புகள் என்பீர்கள். உயிரோடு விளையாடுபவையும் இருக்கின்றன.

‘தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், உயிர் பிழைக்கலாம்’ என்ற பெட்டிச் செய்தி என் கைக்குப் பலமுறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் ஒரு முன்னுரையோடு வரும். இதற்கும் ஒரு பிறப்பு இருக்கிறது. இதயத்துக்குள் குழாய் செலுத்திப் பரிசோதிக்கும் அறையில், நோயாளியின் இதயத்துடிப்பு திரையில் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று துடிப்பு தாறுமாறானால், அந்த நொடியே மருத்துவர் “இருமுங்கள், இருமுங்கள்” என்பார். இருமும்போது மார்புக்கூட்டில் ஏற்படும் அழுத்தம் மூளைக்குக் கொஞ்சம் ரத்தத்தைத் தள்ளும். மின் அதிர்ச்சிக் கருவியைத் தயார்செய்யும் சில நொடிகளுக்கு நோயாளி நினைவோடு இருப்பார். 1976-இல் மருத்துவ இதழில் பதிவானது இதுதான்.

அந்த அறையை வெட்டிவிட்டோம். மருத்துவரையும் திரையையும் கருவியையும் வெட்டிவிட்டோம். மிஞ்சியது இருமல் மட்டும். மாரடைப்பு என்பது இதயத்தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது. அப்போது பெரும்பாலானவர்களுக்கு நினைவு இருக்கும், இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், இருமி அடைப்பு நீங்காது. இதயம் நின்றுபோவது வேறு. அது நேர்ந்தால் சில நொடிகளில் நினைவு போய்விடும், இருமிக்கொண்டிருக்க யாரும் விழித்திருக்கமாட்டார்கள். அமெரிக்க இதயச் சங்கம் பொதுமக்களுக்கு இந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. நெஞ்சு அழுத்துகிறது, வியர்க்கிறது, வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்றால் செய்ய வேண்டியது ஆம்புலன்ஸை அழைப்பது. இருமிக்கொண்டிருக்கும் பத்து நிமிடம் அதைத் தள்ளிப்போட்ட பத்து நிமிடம்.

பக்கவாதத்துக்கு விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் துணுக்கும் அப்படித்தான். அடைப்பால் வரும் பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஒரு கணக்கு இருக்கிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்க வரவில்லையா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்து, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு ஓட வேண்டிய நேரத்தில், பத்து விரலையும் வரிசையாகக் குத்திக்கொண்டிருக்கச் சொல்கிறோம்.

எனக்கு மிகவும் கோபம் வருவது ‘சர்க்கரை நோயை வென்றேன்’ வகை வாசகர் அனுபவங்களில்தான். இதிலும் உண்மை இருக்கிறது, நல்ல உண்மைதான். 2017-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் உடல் எடையைக் குறைத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலே ரத்தச் சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தது. பெரிய விஷயம்! முதல் பக்கத்திலேயே போடலாம். ஆனால் அவர்கள் எல்லோரும் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள். நோய் கண்டறிந்து ஆறு ஆண்டுகளுக்கு உள்பட்டவர்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளாதவர்கள். மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் இருந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவும் இல்லை. இந்த வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு ‘சர்க்கரை நோய் முழுதாகக் குணமாகும், ஊசி வேண்டாம்’ என்று தலைப்பு வைத்தால் அதை யார் யார் படிப்பார்கள்? முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு குழந்தையின் தாயும் படிப்பார். அந்தக் குழந்தையின் கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை, அல்லது பெயருக்குத்தான் சுரக்கிறது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல்முறையாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். ஊசியை நிறுத்தினால் இன்றும் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. நாம் வைத்த தலைப்பில் முதல் வகை, இரண்டாம் வகை என்ற நான்கு சொல்லுக்கு இடம் இருந்திருக்காதா?

தலைப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. ‘சிகரெட் அளவுக்கு ஆபத்து’ என்று உலகம் முழுக்கத் தலைப்புகள் வந்தன. அந்தப் பிரிவு சொல்வது, புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அது சொல்வதில்லை. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்றார்கள். நூற்றுக்கு ஐந்து பேருக்கு வருவது கிட்டத்தட்ட ஆறு பேருக்கு வரும் என்று எழுதியிருந்தால் வாசகர் பயப்படாமல் யோசித்திருப்பார். அப்புறம் அந்தக் கேள்விக்குறித் தலைப்புகள்: ‘இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வருமா?’ உள்ளே எட்டாவது பத்தியில் ‘வராது’ என்று இருக்கும். அந்த எட்டாவது பத்தி வரை சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பவன் நான் ஒருவன்தான்.

விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வருமா என்பதற்கு டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர் அறுபது ஆண்டுக்கும் மேலாக இடக்கையில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் வரவில்லை. 2009-இல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. இதைப் பெட்டிச் செய்தியாகப் போடுவோம், தாராளமாகப் போடலாம். சோதனைக்கு ஆளானவர் ஒரே ஒருவர் என்ற வரியோடு.

பாட்டி வைத்தியத்துக்கு எதிரி என்று என்னை முத்திரை குத்திவிடாதீர்கள். மலேரியாவுக்கு இன்று உலகம் நம்பும் ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து, நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவச் சுவடியில் இருந்த ஒரு குறிப்பிலிருந்து வந்தது. ஒரு செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொன்னது அந்தக் குறிப்பு. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தின் வீரியத்தைக் கெடுக்கிறது என்று சீன ஆராய்ச்சியாளர் தூ யூயூ அதிலிருந்து ஊகித்தார். குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தார், சோதித்தார், 2015-இல் நோபல் பரிசு பெற்றார். செய்முறையை ஒருவர் வரி பிசகாமல் எழுதி வைத்ததால்தான் இது நடந்தது.

மருத்துவர்களும் தவறியிருக்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் நடுவில் பல நாடுகளில் கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கும்படி மருத்துவர்களே சொன்னார்கள். அப்படிப் படுக்கவைத்தால் தூக்கத்தில் திடீர் மரணம் கூடுகிறது என்று தெரிந்தது. 1990களில் ‘மல்லாந்து படுக்க வையுங்கள்’ என்று ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார்கள். பல நாடுகளில் அந்த மரணங்கள் பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைந்தன. தாங்கள் சொன்ன தப்பை அவர்கள் அதே உரத்த குரலில் திருத்தினார்கள். திருத்தம் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்குத் தடுப்பூசி விவகாரம் இருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட, ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் கட்டுரை 1998-இல் வந்தது. அதில் இருந்தது 12 குழந்தைகள். மருத்துவ இதழ் அதை முழுதாகத் திரும்பப் பெற்றது 2010-இல். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, அப்படி ஒரு தொடர்பே இல்லை என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. இன்னமும் சில பெற்றோர் அந்த 12 பேரைத்தான் நம்புகிறார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் பத்திரிகைகள் போட்ட தலைப்புகளுக்கு அதில் பங்கு உண்டு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தக் குறிப்பானாலும் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, எந்த நிலையில் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற வரி இல்லாமல் பக்கம் மூடக்கூடாது. இடம் போதவில்லை என்றால் படத்தைச் சிறிதாக்குங்கள். அந்தக் கண்ணாடி டம்ளர் படத்தை எத்தனை முறைதான் போடுவது? ஆய்வு என்றால் எத்தனை பேரிடம், எத்தனை காலம் என்று சொல்லுங்கள். ‘ஆய்வாளர்கள் கூறுகின்றனர்’ என்று தொடங்கி எந்த ஆய்வாளர் என்று சொல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பும் உரிமையை மெய்ப்புப் பார்ப்பவருக்கும் கொடுங்கள். தப்பு போய்விட்டால், அது எந்த இடத்தில் எந்த அளவில் போனதோ அதே இடத்தில் அதே அளவில் திருத்தம் வரட்டும்.

முதல் திருத்தத்தை நானே எழுதித் தருகிறேன். அப்படியே எடுத்துப் போடலாம், பிழை பார்த்தாகிவிட்டது:

“திருத்தம்: மாரடைப்பின்போது தொடர்ந்து இருமினால் உயிர் பிழைக்கலாம் என்று இப்பகுதியில் முன்பு வெளியிட்டிருந்தோம். அது தவறு. நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், திடீர் வியர்வை இருந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படாதீர்கள். உதவி வரும்வரை உட்கார்ந்திருங்கள், கதவைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் ஒருவர் நினைவிழந்து மூச்சின்றி விழுந்தால், உதவிக்கு ஆள் அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக, அழுத்தமாக அமுக்குங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.”

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைக் கடைசியாகப் படிக்கும் ஒருவன்